22 வயதில் முடியும் களம்: அமெரிக்கக் கல்லூரி ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகளின் அடுத்த பணி என்ன?

அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் இடம்பெறும் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகளில் பெரும்பாலானோருக்குப் படிப்பு முடியும்போதே விளையாட்டும் முடிந்துவிடுகிறது. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு, பொதுவாக ஒருவருக்கு 4 போட்டிப் பருவங்களையே அனுமதித்து வந்துள்ளது. கூடைப்பந்து வீராங்கனைகளுக்கு அதன்பின் டபிள்யூஎன்பிஏ என்ற தொழில்முறை லீக் உள்ளது. ஜிம்னாஸ்டிக்ஸில் அத்தகைய பெரிய லீக் ஏதும் வேரூன்றவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓர் அணிக்கு 5 பேருக்கு மட்டுமே இடம் இருந்தது. எனவே, சுமார் 22 வயதில் வேறு வாழ்வாதாரத்தைத் தேட வேண்டிய நிலை ஏற்படுகிறது.

பலரும் அறிந்த பாதை பயிற்சியாளர் பணி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அணிப் பிரிவில் தங்கம் வென்ற ஜோர்டின் வீபர், அதற்கு முன்பே தொழில்முறை வீராங்கனையாகி விட்டதால் கல்லூரிப் போட்டிகளில் பங்கேற்கும் தகுதியை இழந்தார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலீஸ் வளாகத்தில் படித்தபோது, அணியில் ஆட இயலாத அவர் அதன் மேலாளராகப் பணியாற்றினார். பின்னர் அங்கேயே பயிற்சியாளர் குழுவில் இணைந்து, 2019-இல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரானார். மூடிய கதவே அவருக்கு வேறொரு வழியைக் காட்டியது எனலாம்.

வீபர் சந்தித்த சிக்கல் இன்றைய மாணவிகளுக்குப் பெருமளவு இல்லை. தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு விளம்பர வருவாய் ஈட்ட 2021 ஜூலை 1 முதல் என்சிஏஏ அனுமதி அளித்துள்ளது. ஆனால், புகழ் பெற்ற சிலருக்கே அதில் பெருந்தொகை கிடைக்கிறது.

லாஸ் ஏஞ்சலீஸ் அணியின் முன்னாள் வீராங்கனைகளில் சமந்தா பெஸெக் தொலைக்காட்சி வர்ணனையாளரானார். ஹெய்டி மணிமேக்கர் ஹாலிவுட் சண்டைக் காட்சிகளில் நடிகை ஸ்கார்லெட் ஜோஹான்சனுக்கு டூப் போட்டார்.

எனினும், விளையாட்டுக்குத் தொடர்பற்ற பணிகளுக்குச் செல்வோரே அதிகம். அயோவா பல்கலைக்கழக முன்னாள் வீராங்கனை ஹவுரி கெபெஷியன், மருத்துவருக்கு உதவும் பயிற்சி பெற்ற பணியாளராகத் தகுதி பெற்று, கிளீவ்லாந்து நகர மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் பணியில் சேர்ந்தார். அந்த வேலைக்கு இடையிலேயே மீண்டும் பயிற்சி செய்து, 2016 ரியோ ஒலிம்பிக்கில் தமது பூர்விக நாடான ஆர்மீனியா சார்பில் களமிறங்கினார். இரட்டைக் கம்பிப் பிரிவில் அங்கு அவர் செய்துகாட்டிய புதிய நுட்பம் இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.