பெத்மான் ஹோல்வெக்: நாடாளுமன்றம் அசைக்க முடியாத சான்சலரை வீழ்த்திய தளபதிகள்

ஜெர்மானியப் பேரரசின் ஐந்தாவது சான்சலர் தியோபால்ட் வான் பெத்மான் ஹோல்வெக் (1856-1921). முதல் உலகப் போர் தொடங்கியபோது ஜெர்மனி அரசுக்குத் தலைமை வகித்தவர் இவர். 1909 ஜூலை 14 முதல் 1917 ஜூலை 13 வரை எட்டு ஆண்டுகள் பதவியில் இருந்தார்.

நிர்வாகப் பணி

பிராண்டன்பர்க் பகுதியில் உள்ள ஹோஹென்ஃபினோவில் பிறந்த இவர், சட்டம் பயின்று அரசுப் பணியில் சேர்ந்தார். 1899-இல் பிராண்டன்பர்க் மாகாணத் தலைமை நிர்வாகியாகவும், 1905-இல் பிரஷ்ய உள்துறை அமைச்சராகவும், 1907-இல் பேரரசின் உள்துறைச் செயலராகவும் பொறுப்பேற்றார். வெளியுறவுத் துறையில் அனுபவம் இல்லாத நிலையில், பியூலோவுக்குப் பின் சான்சலரானார்.

அதிகாரத்தின் எல்லை

சான்சலரை நியமிப்பதும் நீக்குவதும் பேரரசரின் உரிமை. ராணுவமும் சான்சலருக்குக் கட்டுப்பட்டதன்று. செலுத்தும் வரிக்கேற்ப வாக்கின் மதிப்பை நிர்ணயித்த பிரஷ்யாவின் மூன்று வகுப்புத் தேர்தல் முறையைத் திருத்த 1910-இல் அவர் மேற்கொண்ட முயற்சி தோல்வியடைந்தது.

அல்சேஸ் பகுதியின் சாபெர்ன் நகரில் பொதுமக்களிடம் ராணுவம் அத்துமீறியதை அவர் நியாயப்படுத்தியபோது, 1913 டிசம்பரில் நாடாளுமன்றம் 293-54 என்ற வாக்குக் கணக்கில் அவர் மீது அதிருப்தி தெரிவித்தது. பேரரசரின் ஆதரவு இருந்ததால் அவர் பதவி விலகவில்லை.

போர்க்காலம்

1914 ஜூலை தொடக்கத்தில் ஆஸ்திரியா-ஹங்கேரிக்கு ஜெர்மனி நிபந்தனையற்ற ஆதரவை உறுதியளித்ததில் அவருக்கும் பங்கு உண்டு. பெல்ஜியத்திற்குள் படைகள் நுழைந்தது சர்வதேச சட்டத்திற்கு முரணானது என்று ஆகஸ்ட் 4-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் அவரே ஒப்புக்கொண்டார். அன்று மாலை பிரிட்டன் தூதரிடம் பேசுகையில், பெல்ஜியத்தின் நடுநிலைமைக்கு உறுதியளித்த 1839-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை வெறும் காகிதத் துண்டு என்று குறிப்பிட்டது அவருக்கு நீங்காத அவப்பெயரைத் தேடித்தந்தது.

இந்தியாவுடனும் அவருக்குத் தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக இந்திய மன்னர்களின் ஆதரவைக் கோரி அவர் எழுதிய கடிதங்களுடன், 1915-இல் ராஜா மகேந்திர பிரதாப் காபூலுக்குப் பயணமானார்.

வரம்பற்ற நீர்மூழ்கிப் போர் அமெரிக்காவைப் பகைமுகாமுக்குத் தள்ளும் என்று அஞ்சி, அதை அவர் நீண்டகாலம் எதிர்த்தார். ஆயினும், 1917 ஜனவரி 9-இல் ராணுவத் தலைமையின் முடிவுக்கு இணங்கினார். ஏப்ரல் 6-இல் அமெரிக்கா போர்ப் பிரகடனம் செய்தது.

பதவி விலகல்

1917 ஜூலையில் தளபதிகள் ஹிண்டன்பர்க்கும் லூடன்டார்ஃபும், அவர் நீடித்தால் தாங்கள் விலகுவதாக எச்சரித்தனர். நாடாளுமன்றக் கட்சிகளின் ஆதரவையும் இழந்திருந்த அவர் பதவி விலகினார். கியார்க் மிஷேலிஸ் சான்சலரானார்.

போருக்குப் பின், 1919-இல், பேரரசருக்குப் பதிலாகத் தம்மை விசாரிக்குமாறு நேச நாடுகளைக் கேட்டுக்கொண்டார், அது ஏற்கப்படவில்லை. 1921 ஜனவரியில் சொந்த ஊரில் காலமானார்.

அவரது அலுவலகத்தில் 1914 செப்டம்பரில் தயாரான, நாடுபிடிக்கும் நோக்கங்கள் அடங்கிய ஆவணத்தை வரலாற்றாசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷர் 1961-இல் முன்வைத்தார். அதன்பின், போருக்கு அவர் எந்த அளவு பொறுப்பாளி என்ற விவாதம் புதிய வேகம் பெற்றது.