கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் போன கதை

நம்ம காலத்துக் கம்ப்யூட்டர் லேப் ஞாபகம் இருக்கிறதா? செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். ஏசி குளிரில் நடுங்க வேண்டும். தண்ணீர் பாட்டிலோடு எட்டிப் பார்த்தால் போதும், "வெளியே வைப்பா!" என்று லேப் அசிஸ்டென்ட் ஓர் அதட்டல் போடுவார். அப்படி வளர்ந்த எனக்கு, போன வருஷம் என் மகன் தன் கம்ப்யூட்டருக்குள் தானே தண்ணீர் ஊற்றியதைப் பார்த்ததும் நெஞ்சு பதறிவிட்டது. "அப்பா, இதெல்லாம் அறுபதுகளிலேயே பண்ணிட்டாங்க" என்றான். தேடிப் படித்தேன். அவன் சொன்னது சரிதான்.

ஒரே கன அளவில் எடுத்துக்கொண்டால், தண்ணீர் காற்றைவிட மூவாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே சிஸ்டம் 360 வரிசையின் 91ஆம் மாடலைத் தண்ணீரால் குளிர்வித்தது. 1980இல் அறிவித்த 3081இல், நூறு சிப்புகளுக்கு மேல் அடைத்த பெட்டகத்தின் மீது தண்ணீர் ஓடும் தட்டைப் பொருத்தினார்கள். தண்ணீர் சிப்பைத் தொடாது. சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடும்.

1976இல் வந்த க்ரே-1 சூப்பர் கம்ப்யூட்டரில் ஓடியது தண்ணீர் அல்ல, ஃப்ரியான். அலுமினியச் சட்டங்களுக்குள் எஃகுக் குழாய்களைப் பதித்திருந்தார்கள். ஆரம்பத்தில் இணைப்புகள் கசிந்து, ஃப்ரியானோடு கலந்திருந்த எண்ணெய் போர்டுகளில் படிந்து ஷார்ட் ஆனது. குழாய்களைப் பற்றவைக்கும் முறையையே மாற்ற வேண்டியதாயிற்று. உலகத்தின் அதிவேக மெஷினையும் ஓர் இணைப்பு மண்டியிட வைத்தது!

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இந்த ஆசை தொற்றியது 1990களின் கடைசியில். 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ சிப்பை 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450க்கு ஏற்றலாம் என்று தெரிந்ததும், மேலைநாட்டு ஆர்வலர்கள் இன்னும் வேகம் தேடினார்கள். கார் ஹீட்டரின் ரேடியேட்டர், மீன்தொட்டி பம்பு, பிளாஸ்டிக் குழாய், கிளாம்ப் என்று கிடைத்ததையெல்லாம் கோர்த்தார்கள். செம்பையும் அலுமினியத்தையும் ஒரே தண்ணீரில் சேர்த்து, அரிப்பு கண்டு பாடம் கற்றவர்களும் உண்டு. பிறகுதான் இதற்கென்றே செய்த ஃபிட்டிங்குகள் கடைக்கு வந்தன.

மகன் மாட்டியது இப்போதைய மென்குழாய்: உள்விட்டம் 10, வெளிவிட்டம் 13 மில்லிமீட்டர். கூரான பிளேடால் நேராக வெட்ட வேண்டும். இறுக்கும் வளையத்தை முதலில் குழாயில் கோர்த்துவிட வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். குழாயின் நுனியை வெந்நீரில் காட்டி, இளகியதும் ஃபிட்டிங்கின் அடிவரை அழுத்தி, வளையத்தைக் கையாலேயே திருகினால் போதும். நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. வளைவு மடங்கினால் ஓட்டம் நின்றுவிடும்.

கடைசியில், கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் சில மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். மகனுக்கு அவசரம். "ஒண்ணும் ஆகாதுப்பா, ஆன் பண்ணிடலாம்" என்றான். இரண்டு வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு உள்ளே இருந்தது. "காலையில் பார்த்துக்கலாம்" என்று ஒவ்வோர் இணைப்பின் கீழும் டிஷ்யூ பேப்பரை விரித்தேன். விடிந்து பார்த்தால், கார்டுக்கு நேர் மேலே ஒரு பேப்பர் மட்டும் ஈரம். கழற்றினோம். குழாய் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. மகன் எதுவும் பேசவில்லை. புதுசாக ஒரு துண்டை நேராக வெட்டினான். அன்று முழுக்க மறுபடியும் பம்பு மட்டுமே ஓடியது.

தம்பி தங்கைகளே, நம் லேப் அசிஸ்டென்ட் பயந்ததில் தப்பில்லை. வடிநீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது என்பார்கள். ஆனால் உலோகங்களைத் தொட்டு ஓட ஓட அந்தக் குணம் போய்விடும். அதனால் தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம், அவசரத்துக்குப் பயப்படுங்கள். ஒரு ராத்திரி பொறுத்ததில் எங்கள் வீட்டில் ஒரு கார்டு பிழைத்தது.