நோய் எதிர்ப்புச் செல்களின் தடுப்பு ஏற்பிகளும் தன்னுடல் தாக்கு நோய்களும்

உடலுக்குள் நுழையும் கிருமிகளை அழிப்பது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பணியாகும். அம்மண்டலம் உடலின் சொந்தத் திசுக்களைத் தாக்கத் தொடங்கும்போது தன்னுடல் தாக்கு நோய்கள் உண்டாகின்றன. முடக்குவாதம், லூபஸ், முதல் வகை நீரிழிவு, தைராய்டு நோய்களுள் சில ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இத்தகைய தாக்குதலைத் தடுக்கும் இயற்கையான ஏற்பாடுகளுள் ஒன்று, நோய் எதிர்ப்புச் செல்களின் மேற்பரப்பில் உள்ள தடுப்பு ஏற்பிகள் ஆகும். இன்று சில மருந்துகள் இந்த ஏற்பிகளின் வழியாகவே செயல்படுகின்றன. அம்மருந்துகளைப் பெறுவோரும் அவர்களைப் பராமரிப்போரும் இவற்றைப் பற்றி அறிந்திருப்பது, பக்கவிளைவுகளை உரிய காலத்தில் கண்டறிய உதவும்.

தடுப்பு ஏன் தேவைப்படுகிறது?

வெள்ளை அணுக்களுள் ஒரு வகையான டி செல்கள், மார்பெலும்பின் பின்புறம் உள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சி அடைகின்றன. உடலின் சொந்தப் புரதங்களைத் தாக்கக்கூடிய செல்களுள் பெரும்பாலானவை அங்கேயே நீக்கப்படுகின்றன. எனினும் சில செல்கள் இத்தேர்விலிருந்து தப்பிவிடுகின்றன. நலமுடன் இருப்போரின் இரத்தத்திலும் இவை காணப்படுகின்றன. ஆகவே தைமஸ் சுரப்பிக்கு வெளியேயும் இவற்றைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இன்றியமையாததாகிறது.

தடுப்பு ஏற்பிகள் எவ்வாறு செயல்படுகின்றன?

ஒரு டி செல் முழுமையாகச் செயல்பட இரண்டு சமிக்ஞைகள் தேவை. முதலாவது, அது தன் இலக்கை அடையாளம் காணுதல். இரண்டாவது, இலக்கை எடுத்துக்காட்டும் செல்லின் மீதுள்ள பி7 புரதங்கள், டி செல்லின் சிடி28 ஏற்பியுடன் இணைதல்.

சிடிஎல்ஏ-4: இந்த ஏற்பி, செயல்படத் தொடங்கிய டி செல்லில் தோன்றுகிறது. இது சிடி28 ஏற்பியைவிட வலுவாகப் பி7 புரதங்களுடன் இணைவதால், இரண்டாவது சமிக்ஞை குறைந்துவிடுகிறது. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்னும் தனி வகைச் செல்கள் இந்த ஏற்பியை எப்போதும் கொண்டுள்ளன.

பிடி-1: இந்த ஏற்பி பெரும்பாலும் திசுக்களில் செயல்படுகிறது. அழற்சி ஏற்பட்ட இடத்திலுள்ள செல்கள் பிடி-எல்1 என்னும் புரதத்தை வெளிப்படுத்துகின்றன. அப்புரதம் பிடி-1 ஏற்பியுடன் இணையும்போது டி செல்லின் பெருக்கமும் தாக்குதலும் தணிகின்றன.

இவை குறைந்தால் என்ன நிகழும்?

சிடிஎல்ஏ-4 ஏற்பி இல்லாத எலிகள், பல உறுப்புகளில் டி செல்கள் ஊடுருவியதால் பிறந்த சில வாரங்களிலேயே இறந்தன என்பது 1995-ஆம் ஆண்டு அறியப்பட்டது. பிடி-1 ஏற்பி இல்லாத எலிகளுக்கு லூபஸ் போன்ற நோய் ஏற்பட்டதை 1999-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது.

மனிதர்களில், சிடிஎல்ஏ-4 மரபணுவின் இரு பிரதிகளுள் ஒன்று பழுதடைவதால் உண்டாகும் அரிய நோய் 2014-ஆம் ஆண்டு விவரிக்கப்பட்டது. இதில் குடல் அழற்சி, நுரையீரல் பாதிப்பு, இரத்த அணுக்கள் குறைதல், நிணநீர் முடிச்சுகள் வீங்குதல் ஆகியவை ஏற்படலாம். பழுதடைந்த மரபணுவைக் கொண்ட அனைவருக்கும் நோய் தோன்றுவதில்லை. பொதுவாகக் காணப்படும் தன்னுடல் தாக்கு நோய்களுக்கு ஒரே ஓர் ஏற்பி மட்டும் காரணமன்று. மரபணுக்களும் சுற்றுச்சூழலும் சேர்ந்தே அவற்றுக்கு வழிவகுக்கின்றன.

சிகிச்சையில் இதன் பயன்

தடுப்பை வலுப்படுத்தும் மருந்து: அபாடாசெப்ட், சிடிஎல்ஏ-4 ஏற்பியின் ஒரு பகுதியைக் கொண்டு உருவாக்கப்பட்டது. இது முடக்குவாதச் சிகிச்சையில் பயன்படுகிறது. இம்மருந்தால் தொற்று ஏற்படும் வாய்ப்பு கூடலாம். எனவே சிகிச்சைக்கு முன் காசநோய்ப் பரிசோதனை செய்யப்படுகிறது. மருத்துவரைக் கேட்காமல் எந்தத் தடுப்பூசியும் போட்டுக்கொள்ளக் கூடாது.

தடுப்பை நீக்கும் மருந்துகள்: சில புற்றுநோய்ச் செல்கள் பிடி-எல்1 புரதத்தை வெளிப்படுத்தி, டி செல்களின் தாக்குதலிலிருந்து தப்பிக்கின்றன. இப்பிலிமுமாப் சிடிஎல்ஏ-4 ஏற்பியையும், நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகியவை பிடி-1 ஏற்பியையும் மறித்து, புற்றுநோயைத் தாக்க டி செல்களுக்கு வழிவிடுகின்றன. இவ்வழியைக் கண்டறிந்தமைக்காக ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோன்ஜோ ஆகியோருக்கு 2018-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் தடுப்பு நீங்கும்போது நலமான உறுப்புகளும் தாக்கப்படலாம்.

உடனே மருத்துவக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டிய அறிகுறிகள்

தடுப்பை நீக்கும் மருந்துகளைப் பெறுவோருக்குப் பின்வருவனவற்றுள் ஏதேனும் தோன்றினால், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம்:

• வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, மலத்தில் இரத்தம்
• புதிய இருமல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி
• பரவும் தோல் தடிப்பு அல்லது கொப்புளங்கள்
• கண்கள் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல்
• கடும் சோர்வு, நீங்காத தலைவலி, மயக்கம்
• மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல்
• தசைகள் வலுவிழத்தல், இமை தொங்குதல், பார்வை இரட்டையாகத் தெரிதல்

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் ஆகியவை ஏற்பட்டால் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். இவ்விளைவுகள் சிகிச்சை தொடங்கிய சில வாரங்களிலும் தோன்றலாம். சிகிச்சை முடிந்து பல மாதங்களுக்குப் பின்னரும் தோன்றலாம். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலானவற்றை ஸ்டீராய்டு மருந்துகளால் கட்டுப்படுத்த இயலும். வயிற்றுப்போக்கைச் சாதாரண உபாதை எனக் கருதி, கடையில் மருந்து வாங்கி உட்கொண்டு நாள்களைக் கடத்துவது ஆபத்தானது.

நோயாளிகளும் பராமரிப்போரும் கவனத்தில் கொள்ள வேண்டியவை

• ஏற்கெனவே தன்னுடல் தாக்கு நோய் இருப்பின், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன்பே தெரிவிக்கவும்.
• வேறு எந்த மருத்துவரிடம் சென்றாலும், பெற்ற மருந்தின் பெயரைக் கூறவும். இம்மருந்துகள் வழக்கமான கீமோதெரபி அல்ல என்பதையும் எடுத்துரைக்கவும்.
• ஸ்டீராய்டு மருந்தைத் தாமாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.
• எதிர்ப்பாற்றலைப் பெருக்கும் என விளம்பரப்படுத்தப்படும் பொருள்களை மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ள வேண்டாம். எதிர்ப்பாற்றல் மிகுதியாவது எப்போதும் நன்மை பயக்கும் எனக் கொள்ள இயலாது. உரிய நேரத்தில் தூண்டப்படுவதும் உரிய நேரத்தில் தணிவதுமே உடல்நலத்திற்கு அடிப்படையாகும்.

இத்தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. உங்கள் சிகிச்சை குறித்த முடிவுகளை மருத்துவரின் ஆலோசனையுடன் மேற்கொள்ளவும்.