தண்ணீரில் குளிர்ந்த விமான என்ஜினும் இந்திர லால் ராயும்

கோவில்பட்டி பக்கம் கரிசல் காட்டுக் கிணறுகளில் ஆயில் என்ஜின் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இதே போலத் தண்ணீரால் குளிர்விக்கப்பட்ட ஒரு பெட்ரோல் என்ஜின்தான் முதல் உலகப் போரில் ஓர் இந்திய இளைஞரை வானத்தில் ஏற்றியது.

அது ஹிஸ்பானோ-சூயிசா வி-8. பார்சிலோனாவில் கார் தயாரித்துக்கொண்டிருந்த சுவிஸ் பொறியாளர் மார்க் பிர்கிட் இதை வடிவமைத்தார். அதுவரை விமான என்ஜின்களில் ஒவ்வொரு சிலிண்டரையும் தனித்தனியாகச் செய்து பொருத்துவது வழக்கம். பிர்கிட் நான்கு சிலிண்டர்களை ஒரே அலுமினிய வார்ப்பாகச் செய்து, உள்ளே எஃகுக் குழாய்களை மரையிட்டுத் திருகினார். வார்ப்புக்குள்ளேயே தண்ணீர் ஓட வழி இருந்தது. எடை குறைந்தது, உறுதி கூடியது. முதலில் 150 குதிரைத்திறன். பிரான்சின் ஸ்பாட் 7, பிரிட்டனின் எஸ்.ஈ.5 இரண்டிலும் இதுவே இருந்தது.

பிறகு 200 குதிரைத்திறன் கேட்டார்கள். அதற்காக என்ஜினை வேகமாகச் சுழலவிட்டு, இடையில் பல்சக்கரம் வைத்து புரொப்பெல்லரின் வேகத்தைக் குறைத்தார்கள். இங்கேதான் சிக்கல். பிரான்சில் தயாரான சில என்ஜின்களின் பல்சக்கரங்கள் சரியாகக் கடினப்படுத்தப்படவில்லை. பறக்கும்போதே உடைந்தன. ஆனால் எஸ்.ஈ.5ஏ விமானங்கள் என்ஜின் இல்லாமல் வரிசையில் காத்துக்கிடந்தன. எனவே குறை தெரிந்தும் அவற்றைப் பொருத்தி அனுப்பினார்கள். தட்டுப்பாடு வந்தால் முதலில் அடிபடுவது தரம்தானே! கடைசியில் வுல்ஸ்லி நிறுவனம் பல்சக்கரத்தையே நீக்கி, 'வைப்பர்' என்ற 200 குதிரைத்திறன் என்ஜினைத் தந்தது.

இந்த எஸ்.ஈ.5ஏ-யில் பறந்தவர்தான் 1898-ல் கல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய். 1917 டிசம்பரில் விபத்தில் சிக்கிக் காயமடைந்தார். தேறி மீண்டும் பறந்தார். 1918 ஜூலை 6 முதல் 19 வரை அவர் கணக்கில் 10 வெற்றிகள். ஜூலை 22 அன்று ஜெர்மன் போக்கர் விமானங்களுடன் நடந்த சண்டையில் சுட்டு வீழ்த்தப்பட்டார். வயது 19 தான். இறந்த பிறகு டி.எஃப்.சி. பதக்கம் வழங்கப்பட்டது.

இவருடைய மருமகன் சுப்ரதோ முகர்ஜி 1954-ல் இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஆனார். 1998-ல் ராய்க்கு அஞ்சல் தலை வெளியானது. பிர்கிட்டின் என்ஜின் ஏறத்தாழ 50,000 தயாரிக்கப்பட்டது. உடைந்த என்ஜினுக்குப் பதில் இன்னொன்று வந்தது. பத்தொன்பது வயது விமானிக்குப் பதில்?