வாலை என்பது ஒரு பாத்திரம்

புதுச்சேரியின் நெட்டப்பாக்கம், பாகூர் பக்கத்து வீடுகளில் கைக்குழந்தை வயிறு உப்பி அழுதால் பெரியவர்கள் முதலில் கேட்பது, “ஓமத்தண்ணி இருக்கா?” கடைக்காரருக்கு அது ஓம வாட்டர். சித்த மருந்துப் புட்டியின் சீட்டிலோ ‘ஓமத் தீநீர்’ என்று இருக்கும். தீயின் உதவியால் இறக்கிய நீர் என்பதால் தீநீர். சித்த மருத்துவத்தின் 32 அக மருந்து வகைகளில் இதுவும் ஒன்று.

ஓமத்தைக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் கிடைப்பது குடிநீர், அதாவது கஷாயம். அதையே ஆவியாக எழுப்பி, குளிரவைத்து, சொட்டுச் சொட்டாகப் பிடித்தால்தான் தீநீர். அப்படி இறக்கும் கலத்துக்குத் தமிழில் வாலை என்று பெயர். சித்தர் பாடல்களில் வரும் வாலைத்தெய்வம் வேறு. எழுத்து ஒன்றாக இருப்பதாலேயே இரண்டையும் முடிச்சுப் போடக் கூடாது.

வாலைக்குள் நடப்பது அழகான வேலை. ஓமத்தின் காரத்துக்குக் காரணமான தைமால் தனியே கொதிக்க 232 டிகிரி செல்சியஸ் வேண்டும். நீராவியோடு சேர்ந்தால் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே அது கிளம்பிவிடும், மணம் கருகாது. இறங்கிய நீரின் மேலே மெல்லிய எண்ணெய் மிதக்கும். அந்த எண்ணெயைக் குளிரவைத்தால் தைமால் படிகமாகப் பிரியும். அதுதான் நாட்டு மருந்துக் கடையின் ஓம உப்பு.

எண்ணெய் என்ற சொல்லே எள்ளின் நெய்யிலிருந்து வந்தது. ஆனால் வாலையில் இறங்கியது வேறு இனம். நல்லெண்ணெய் ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டால் கறை நிற்கும். ஓம எண்ணெயை விட்டுப் பாருங்கள்: கொஞ்ச நேரத்தில் பறந்துவிடும்.

இதே முறையில்தான் சாராயமும் இறங்கியது. ஆனால் ஊறல் போட்டவர்கள் ‘காய்ச்சுவது’ என்றார்கள். பேச்சில் அந்தச் சொல் நிலைத்தது. வாலை மருத்துவ ஏட்டோடு ஒதுங்கிவிட்டது. 1954 வரை புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கலத்தை அலம்பிக் என்பார்கள். கிரேக்கத்தின் அம்பிக்ஸ், அரபியில் அல்-அன்பீக் ஆகி அவர்களிடம் வந்தது. அங்கேயும் அது கலத்தின் பெயர்தான்.

நம் பள்ளிப் புத்தகத்தில் வாலை இன்னும் இருக்கிறது. பெட்ரோலியத்தைப் பிரிக்கும் பாடத்தில் ‘பின்ன வாலை வடித்தல்’ என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். வாலை என்றால் என்ன என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. பொருள் வீட்டு அலமாரியில் இருக்கிறது, சொல் புத்தகத்தில் இருக்கிறது, நடுவில் இருந்த கலத்தைக் காணோம்.

வேதியியல் ஆசிரியர்களே, அந்தப் பாடம் வரும்போது வகுப்புக்கு ஒரு புட்டி ஓமத் தீநீர் கொண்டுபோங்கள். மூடியைத் திறந்து மோந்து பார்க்கச் சொல்லிவிட்டு, பிறகு வாலையைப் பலகையில் வரையுங்கள்.