புனேயிலிருந்து தேவப்பிரயாகைக்கு: ஒரு பயணத் திட்டத்தின் வரலாறு

கட்வால் மலைநாட்டில் அலக்நந்தாவும் பாகீரதியும் கூடி, கங்கை என்ற பெயரோடு கீழிறங்கத் தொடங்கும் இடம் தேவப்பிரயாகை. இரண்டு ஆறுகளுக்கு நடுவே செங்குத்தாக ஏறும் பாறையில் வீடுகள் ஒன்றன் தலைமேல் ஒன்றாக நிற்க, அவற்றுக்கு மேலே ரகுநாதர் கோயில் இருக்கிறது. படித்துறையின் அடியில் பாறையைக் குடைந்த இரண்டு குண்டங்கள் உண்டு. பாகீரதிப் பக்கம் இருப்பது பிரம்ம குண்டம், அலக்நந்தாப் பக்கம் இருப்பது வசிஷ்ட குண்டம். நீரின் இழுப்பு கடுமையானதால், முழுக்குப் போடுகிறவர்கள் இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். இரைச்சலிட்டு வரும் பாகீரதியை மாமியார் என்றும், அடங்கி வரும் அலக்நந்தாவை மருமகள் என்றும் ஊரார் சொல்வது வழக்கம்.

தமிழ் வைணவர்களுக்கு இது பெரியாழ்வார் பாடிய கண்டம் என்னும் கடிநகர், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. மராட்டியருக்கோ பத்ரிநாத் வழியில் பண்டா என்னும் தீர்த்த புரோகிதர் காத்திருக்கும் ஊர். இங்கிருந்து 1,600 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் புனேக்காரர்கள் இந்த ஊருக்கு வர எப்படித் திட்டமிட்டார்கள் என்பதை முந்நூறு ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று தெரிகிறது. பாதை சுருங்கச் சுருங்க, பயணத் திட்டத்தில் தேவப்பிரயாகையின் பங்கும் சுருங்கியது.

பேஷ்வாக்கள் காலத்தில் வடநாட்டு யாத்திரை ஓராண்டு வேலை. முதலாம் பாஜிராவின் தாய் ராதாபாய் 1735இல் புறப்பட்டுக் காசி போய்வந்தது அடுத்த ஆண்டு வரை நீண்டது. ராஜபுத்திர அரசர்கள் அவரை எதிர்கொண்டு உபசரித்தார்கள், வழிவரிகளும் விலக்கப்பட்டன. சாதாரணக் குடும்பத்துக்கு அந்தச் சலுகை ஏது? பிரயாகையிலும் கயையிலும் யாத்திரிக வரி கட்ட வேண்டும். கையில் ரொக்கம் கொண்டுபோனால் கொள்ளை பயம் என்பதால், புனேயின் சாவுகார்களிடம் உண்டி என்னும் பணமாற்றுச் சீட்டு வாங்கிக்கொண்டு வடக்கே மாற்றிக்கொள்வார்கள். தனியாக யாரும் கிளம்புவதில்லை; காவலுள்ள பெரிய கூட்டம் எது, எப்போது கிளம்புகிறது என்று விசாரிப்பதே திட்டத்தின் முதல் படி. மழை ஓய்ந்து தசரா முடிந்ததும் கிளம்பினால், பனிக்காலத்தில் காசி, சித்திரை மாதப் பிறப்புக்கு ஹரித்வார், பனி உருகியதும் மலைமேல் என்று கணக்கு பொருந்தி வரும். ஹரித்வாருக்கு மேலே ஏறுகிறவர்கள் அந்தக் கூட்டத்திலும் சிலரே.

ஆனாலும் மராட்டியக் கொடை மலைக்கு மேலே வரை எட்டியது. இந்தூரை ஆண்ட அகல்யாபாய் ஹோல்கர் கேதாரத்திலும் பத்ரியிலும் தருமசாலைகள் அமைத்தார். தேவப்பிரயாகைக்கு வந்த உதவியின் கதை இன்னும் நெருக்கமாகப் புனேயோடு பிணைந்தது. மராட்டியத் தலைவர் மகாத்ஜி சிந்தியா 1794 பிப்ரவரியில் புனேயை அடுத்த வான்வடியில் இறந்தார். அவர் நினைவாக எழுந்த சிந்தே சத்திரி இன்றும் அங்கே இருக்கிறது. அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்த தௌலத்ராவ் பதின்ம வயதுப் பையன். ஆட்சியின் முதல் ஆண்டுகளைப் புனேயிலேயே கழித்தவர். 1803 செப்டம்பரில் கட்வாலை ஒரு பெரும் நிலநடுக்கம் உலுக்கியபோது ரகுநாதர் கோயிலும் ஊரும் சிதைந்தன. அதே மாதம் 23ஆம் தேதி அஸாயேயில் தௌலத்ராவின் படை ஆங்கிலேயரிடம் தோற்றது. ஆண்டு முடிவதற்குள் டெல்லியும் கங்கை–யமுனைத் தோவாபும் அவர் கையை விட்டுப் போயின. அப்படி நிலைகுலைந்த அரசரின் பொருளுதவியில்தான் தேவப்பிரயாகை பின்னர் பழுதுபார்க்கப்பட்டது. தம் ஆட்சிக்கு ஒருபோதும் உட்படாத ஒரு மலையூருக்கு அவர் செய்த இந்தச் செலவை, வெற்றிகளை மட்டும் எண்ணுகிற மராட்டிய வரலாறுகள் போதிய அளவு சொல்வதில்லை.

நிலநடுக்கத்துக்கு அடுத்த ஆண்டு கட்வால் கூர்க்காக்களிடம் விழுந்தது. 1815இல் ஆங்கிலேயர் அவர்களை வென்றபின் நாடு இரண்டாகப் பிரிந்தது: அலக்நந்தாவுக்குக் கிழக்கே பிரிட்டிஷ் கட்வால், மேற்கே திஹரி சமஸ்தானம். தேவப்பிரயாகை திஹரிக்குப் போயிற்று. குமாவுன் ஆணையராக இருந்த ட்ரெயில் 1820களின் பிற்பகுதியில் தொடங்கி யாத்திரைப் பாதையைச் செப்பனிட்டார். யாத்திரிகருக்குச் சோறு போட அரசர்கள் விட்டிருந்த சதாவர்த்த மானியக் கிராமங்களின் வருமானம் இதற்கு உதவியது. லட்சுமண் ஜூலா தாண்டி, கங்கையின் இடக்கரையில் வியாச சட்டி வழியாக வந்த அந்தப் பாதையில் நடந்தவர்கள், பாலம் கடந்து தேவப்பிரயாகைக்குள் நுழைந்தார்கள்.

அந்தப் பாதையின் உயிர்நாடி சட்டி. சில மைலுக்கு ஒன்றாக நீர் இருக்கும் இடம் பார்த்துப் போட்ட நீண்ட கூரைக் கொட்டகை அது. சட்டிக்காரர் தங்க இடம் கொடுப்பார், சமைக்கப் பாத்திரமும் கொடுப்பார், இரண்டுக்கும் வாடகை கிடையாது. ஆனால் மாவு, பருப்பு, நெய், விறகு எல்லாம் அவர் கடையிலேயே வாங்க வேண்டும். இதனால் யாத்திரிகர் மூட்டை சுமக்க வேண்டிய தேவை பாதியாகக் குறைந்தது. நடக்க முடியாதவர்களைச் சுமையாள் முதுகில் கட்டிய கூடையில் தூக்கிப் போவார்; அதற்குக் கண்டி என்று பெயர். வசதியுள்ளவர்களுக்கு நான்கு பேர் தூக்கும் டாண்டி இருந்தது. ஹரித்வாரிலிருந்து பத்ரிநாத்துக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நடை. கறுப்புக் கம்பளிச் சாமியார் என்ற பொருளில் காலி கம்லி வாலா எனப்பட்ட சுவாமி விசுத்தானந்தர் 1880களில் ரிஷிகேசத்தில் தொடங்கிய அறநிலையம், வழிநெடுகத் தருமசாலைகள் கட்டி, துறவிகளுக்கு இலவசமாக உணவுப் பொருள் கொடுத்தது.

எனினும் புனேக்காரரின் பயணத்தை உண்மையில் திட்டமிட்டவர் தேவப்பிரயாகைப் பண்டா. பத்ரிநாத்தின் தீர்த்த புரோகிதர்கள் இந்த ஊரில்தான் குடியிருந்தார்கள். இந்தியாவின் ஒவ்வொரு வட்டாரமும் ஒவ்வொரு குடும்பத்துக்கு உரியது. மராட்டியருக்கும் தமிழருக்கும் தனித்தனியே ஆள் உண்டு. தங்கள் முன்னோர் தெற்கிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லும் குடும்பங்கள் இவர்களில் பல. பத்ரிநாத்தின் தலைமை அர்ச்சகரான ராவல் கேரள நம்பூதிரியாகவே இருக்க வேண்டும் என்ற மரபையும் சேர்த்துப் பார்த்தால், இந்த மலைப்பாதை எவ்வளவு ஆழமாகத் தென்னாட்டோடு கட்டுண்டது என்பது புரியும். பனிக்காலத்தில் கோயில் மூடியிருக்கும்போது பண்டாக்கள் சமவெளிக்கு இறங்கித் தங்கள் யஜமானர்களின் வீடு வீடாகப் போவார்கள். பிரசாதம் கொடுத்து, தட்சிணை வாங்கி, வரும் கோடையில் யார் யார் கிளம்புகிறார்கள் என்று கேட்டுக்கொள்வார்கள். எந்த மாதம் கிளம்புவது, என்ன துணி எடுத்துக்கொள்வது, எவ்வளவு பணம் தேவை என்று வீட்டுத் திண்ணையில் வைத்தே பதில் கிடைத்துவிடும். ஹரித்வாரில் ரயிலை விட்டு இறங்கினால் அவர்களுடைய ஆள் ஊர்ப்பெயரைக் கேட்டபடி நிற்பார்.

அவர்களின் கையிலிருந்த கருவி வஹி. நீளமான, கனத்த கணக்குப் புத்தகம் போன்ற இதில் வந்தவர் பெயர், தந்தை, பாட்டன், கோத்திரம், மூல கிராமம் எழுதி, வந்தவரே கையெழுத்திடுவார். ஒரு குடும்பத்தின் பழைய பக்கத்தைத் திருப்பிக் காட்டினால், பாட்டனார் கைப்பட எழுதிய வரியைப் பேரன் வாசிப்பான். அதன்பின் அந்தப் பண்டாவை விட்டு வேறொருவரிடம் போக மனம் வராது. பெயரைப் பதிந்து, பித்ரு காரியம் முடித்து, களைப்பாறி மேலே ஏற வேண்டியிருந்ததால், தேவப்பிரயாகையில் தங்காத பயணத் திட்டமே அன்று இருக்க முடியாது.

பயணத்தின் நீளத்தை முதலில் வெட்டியது ரயில். 1858இல் கண்டாலா–புனே தடம் திறந்தது. 1863இல் போர்காட் மலைச்சரிவு முடிந்ததும் மும்பையோடு நேர் இணைப்பு வந்தது. 1870இல் மும்பைத் தடம் ஜபல்பூர் வழியாக அலகாபாத்தைத் தொட்டது. 1886இல் ஹரித்வாருக்கு ரயில் வந்ததும், மாதக்கணக்கான வழி சில நாட்களாயிற்று. யாத்திரிக வரி 1840லேயே நீங்கிவிட்டது. இந்த மாற்றத்துக்கு முந்தைய உலகத்தை அறிய விஷ்ணுபட் கோட்ஸேயின் ‘மாஜா பிரவாஸ்’ இருக்கிறது. கொங்கணத்து வர்சயியைச் சேர்ந்த இந்தப் புரோகிதர், தௌலத்ராவின் விதவை பாய்ஜாபாய் நடத்தவிருந்த யாகத்தில் தட்சிணை கிடைக்கும் என்று கேள்விப்பட்டு 1857இல் வடக்கே கிளம்பி, கிளர்ச்சியின் நடுவே மாட்டிக்கொண்டார். உயிர் தப்பி, பெற்றோருக்காகக் கங்கை நீரைக் காவடியாகத் தோளில் சுமந்து ஊர் திரும்பினார். நூல் 1907இல்தான் அச்சேறியது. குடும்பக் கடனை அடைப்பதும் புண்ணியம் தேடுவதும் ஒரே திட்டத்தில் இருந்ததை அது மறைக்காமல் சொல்கிறது.

ரயில் கூட்டத்தையும் கூடவே நோயையும் கொண்டுவந்தது. ஹரித்வார் விழாக்களிலிருந்து வாந்திபேதி மலைப்பாதை முழுவதும் பரவும் என்ற அச்சத்தில் 1892இல் மகாவாருணி விழாக் கூட்டத்தை அரசு கலைத்தது. இரண்டு ஆண்டு கழித்து வேறொரு ஆபத்து வந்தது. மலைச்சரிவால் அடைபட்டிருந்த கோஹ்னா ஏரி 1894 ஆகஸ்ட் இறுதியில் உடைந்து, அலக்நந்தாக் கரையிலிருந்த கட்வால் ஸ்ரீநகரை அடித்துச் சென்றது. முன்கூட்டியே தந்திக்கம்பி இழுத்து எச்சரித்திருந்ததால் இறந்தவர்கள் ஐந்தே பேர். இமயத்தில் ஒரு பயணத்தைத் திட்டமிடுவது ஆற்றைக் கண்காணிப்பதும்தான் என்பதை அரசு அப்போது உணர்ந்து செயல்பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் புனேயிலிருந்து வேறு விதமான பயணியும் உருவானார். ஃபெர்குசன் கல்லூரியில் படித்த காகா காலேல்கர் 1912இல் சுவாமி ஆனந்த் முதலிய தோழர்களுடன் இமயத்தில் நடந்தார். தாய்மொழி மராட்டியாக இருந்தும் அந்த அனுபவத்தை ‘ஹிமாலயனோ பிரவாஸ்’ என்று குஜராத்தியில் எழுதினார். அதுவரை பெரும்பாலோர் புண்ணியத்துக்காகவே போனார்கள். மலையைப் பார்ப்பதற்காகவும் போகலாம் என்று படித்த மராட்டிய, குஜராத்தி இளைஞர்களுக்குத் தோன்றியதில் இத்தகைய நூல்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஊரின் நிலையை அடியோடு மாற்றியது மோட்டார் சாலை. திஹரி மன்னர் நரேந்திர ஷா காலத்தில் ரிஷிகேசத்திலிருந்து தேவப்பிரயாகை வழியாகக் கீர்த்திநகர் வரை சாலை போடப்பட்டது. அது கங்கையின் வலக்கரையில், சமஸ்தானப் பக்கமாக வந்தது. இடக்கரையில் இருந்த நடைபாதையையும் அதன் சட்டிகளையும் யாரும் இடிக்கவில்லை. பயணிகள் வராததால் அவை தாமே கலைந்தன. 1962 சீனப் போருக்குப் பிறகு எல்லைக்காகச் சாலைகள் வேகமாக நீண்டன. 1960களின் இறுதிக்குள் பேருந்து பத்ரிநாத்தையே அடைந்தது. ரிஷிகேசத்திலிருந்து சில நாள் நடையாக இருந்த தேவப்பிரயாகை 70 கிலோமீட்டரில், சில மணி நேரத்தில் வந்து போகும் ஊராயிற்று. திட்டமிடுகிறவரும் மாறினார். புனேயின் யாத்திரை நிறுவனங்கள் ஏப்ரலில் பள்ளித் தேர்வு முடிவதையும் ஜூனில் மழை இறங்குவதையும் பார்த்து நாள் குறித்தன. கூடவே சமையல்காரரை அழைத்துப்போய் வழியில் வீட்டுச் சாப்பாடே போட்டன. புனேயிலிருந்து ஜம்மு போகும் ஜீலம் எக்ஸ்பிரஸில் டெல்லியில் இறங்கி, அங்கிருந்து பேருந்து பிடித்துத் தாங்களாகவே போனவர்களும் உண்டு. இரண்டு வழியிலும் தேவப்பிரயாகை பெரும்பாலும் சங்கமத்தைச் சாலையிலிருந்து பார்த்துவிட்டுப் போகிற நிறுத்தம். திவ்ய தேசப் பட்டியலை வைத்துக்கொண்டு வரும் தமிழ்க் குழுக்கள் மட்டும் படியிறங்கி, பாலம் கடந்து, கோயில் ஏறிச் சேவிக்கிறார்கள். அவர்களுக்கு இது வழியூர் அல்ல, வந்து சேர வேண்டிய ஊர்.

பஞ்சாங்கத்தின் பிடி மட்டும் தளரவில்லை. பத்ரிநாத் நடை திறக்கும் நாளை இன்றும் வசந்த பஞ்சமியன்று நரேந்திரநகர் அரண்மனையில் குறிக்கிறார்கள். கேதாரத்துக்கு மகாசிவராத்திரியன்று ஊக்கிமடத்தில். அந்த அறிவிப்பு வந்த பிறகுதான் புனேயில் டிக்கெட் எடுக்க முடியும். 2013 ஜூன் 16, 17 தேதிகளில் கேதாரத்தைச் சூறையாடிய வெள்ளத்துக்குப் பின் யாத்திரிகர் பதிவு கட்டாயமாயிற்று. முன்பு பண்டா வஹியில் எழுதியதை இப்போது அரசின் கணினி பதிகிறது. அரசுப் பதிவில் ஆதார் எண் போதும். வஹியில் முன்னோரைத் தேட அது உதவாது: புனேயில் வீடு இருக்கிறது என்றால் பண்டாவுக்குப் பயனில்லை, குடும்பம் புறப்பட்டு வந்த மூல கிராமத்தின் பெயரும் குலப்பெயரும் வேண்டும். அதைக் கிளம்புமுன் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வதே இந்த ஊருக்கான பயணத் திட்டத்தில் இன்று மறக்கப்படும் வேலை.

ரிஷிகேசத்திலிருந்து கர்ணப்பிரயாகைக்கு 125 கிலோமீட்டர் ரயில் தடம் இப்போது உருவாகிறது. தேவப்பிரயாகையும் அதில் ஒரு நிலையம். தடத்தின் பெரும்பகுதி சுரங்கத்துக்குள் ஓடும். தேவப்பிரயாகைக்கும் ஜனாசுவுக்கும் நடுவே 14.57 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம் 2025 ஏப்ரலில் ஊடறுக்கப்பட்டது. மேலே திஹரி அணை 2006 முதல் பாகீரதியின் நீரைத் தேக்கி விடுவதால், மாமியாரின் இரைச்சலும் இப்போது அணை மதகுகளைப் பொறுத்தது.