திரை நாயகரும் இரசிகர் மன்றங்களும்

தமிழ்த் திரைப்பட வரலாற்றில் நடிகர்பால் மக்கள் கொண்ட பற்றினை ஆராயப் புகுவார்க்கு இருவருடைய வாழ்க்கை சிறந்த சான்றாகும். ஒருவர் எம். கே. தியாகராஜ பாகவதர், மற்றவர் எம். ஜி. இராமச்சந்திரன். இருவரும் புகழின் உச்சியில் நின்றபோதே பேரிடருக்கு உள்ளாயினர். அவ்வேளையில் இரசிகர்கள் என்ன செய்தனர் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

1934-இல் 'பவளக்கொடி' வாயிலாகத் திரைக்கு வந்த பாகவதர், தம் இன்குரலால் மக்களைக் கவர்ந்தார். இளைஞர்கள் 'பாகவதர் கிராப்பு' வைத்துக்கொண்டு திரிந்தனர். 1944 தீபாவளியன்று வெளிவந்த 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் அவ்வாண்டு டிசம்பரிலேயே, இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார்; 1945-இல் ஆயுள் தண்டனை பெற்றார். நாயகர் சிறையிலிருக்க, அவர் பாட்டைக் கேட்கக் கொட்டகையில் கூட்டம் குறையவில்லை!

1947-இல் அவர் குற்றமற்றவர் என விடுதலையானார். எனினும், 1948-இல் வந்த 'இராஜமுக்தி' வெற்றி பெறவில்லை; பின்வந்த படங்களும் பழைய புகழை மீட்டுத் தரவில்லை. 1959-இல் அவர் மறைந்தார். மக்கள் நன்றி மறந்தனர் என்று கூறுதல் பொருந்தாது. இசையின் இடத்தை உரையாடல் கைப்பற்றிய காலம் அது. இரசிகரை ஒன்றாக இணைத்தது பாட்டு ஒன்றே. அதன் சுவை மாறியதும் அவர்களைச் சேர்த்து வைக்க வேறு கட்டு இல்லை.

இராமச்சந்திரன் 1967 ஜனவரி 12-இல் எம். ஆர். இராதாவால் சுடப்பட்டார். கழுத்தில் கட்டுடன் அவர் தோன்றும் படம் சுவரொட்டிகளில் ஊரெங்கும் பரவியது. மருத்துவமனையில் கிடந்தவாறே, பரங்கிமலைத் தொகுதியில் அவர் வெற்றி பெற்றார். இதற்கு அவர் சார்ந்திருந்த தி.மு.க.வின் வலிமையோடு இரசிகர் மன்றங்களின் உழைப்பும் துணை நின்றது.

படகோட்டியாகவும் ரிக்‌ஷாக்காரராகவும் அவர் நடித்தபோது, உழைக்கும் எளியோர் தம்மையே திரையில் கண்டனர். அவர்களே மன்றம் அமைத்தனர், கொட்டகையில் தோரணம் கட்டினர், ஏழைகட்கு உதவினர். ஊரார் மதியாத ஒரு கூலித் தொழிலாளியும் மன்றத்திலே தலைவராகவோ செயலாளராகவோ விளங்க முடிந்தது. பாகவதரின் இரசிகர்கள் படம் முடிந்ததும் கலைந்தனர். இவர்களோ படம் முடிந்த பின்னரும் கூடினர்.

1972 அக்டோபரில் அவர் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு அ.தி.மு.க.வைத் தொடங்கியபோது, மன்றங்கள் பல கட்சிக் கிளைகளாக மாறின. 1973-இல் திண்டுக்கல் இடைத்தேர்தலில் புதிய கட்சி வென்றது. 1977-இல் அவர் முதலமைச்சரானார். 1984-இல் அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபோதும் ஆண்டிபட்டி மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தனர்.

இப்பற்றுக்கு மற்றொரு முகமும் உண்டு. 1987 டிசம்பர் 24-இல் அவர் மறைந்தபோது, துயரம் தாளாது தம் உயிரையே மாய்த்துக்கொண்டோர் உளர். எளியவனுக்கு ஊரில் ஓர் இடம் தந்த மன்றம், தலைவர் இல்லாத உலகில் வாழும் உறுதியை அவனுக்குத் தரவில்லை. நடிகரின் புகழை அளப்போர், அவ்வெளிய குடும்பங்களின் இழப்பையும் அக்கணக்கில் சேர்த்தல் வேண்டும்.